இரண்டு பெருநாள் கழித்து ஒரு கடைவீதி

நோன்புப் பெருநாளுக்குத் துணி எடுக்கக் கடைவீதிக்குப் போகாத ஓர் ஆண்டு தம் வாழ்நாளில் வருமென்று நம் இல்லத்துப் பெண்மணிகள் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஹிஜ்ரி 1441-லும் 1442-லும் அது நேர்ந்தது. பிறை தென்பட்டது; பெருநாளும் வந்தது; தக்பீர் வீட்டுக் கூடத்திற்குள் ஒலித்தது. பிள்ளைகள் பழைய உடுப்பைத் துவைத்து உடுத்திக்கொண்டு வாசற்படியில் நின்று தெருவைப் பார்த்தார்கள். தெருவில் எவரும் இல்லை.

பின்னர் 1443-ஆம் ஆண்டு ரமலானில், அதாவது 2022-ஆம் ஆண்டு கோடையில், கடைகள் திறந்திருக்க, பேருந்துகள் ஓட, பள்ளிவாசல்களில் தராவீஹ் ஜமாஅத்தும் நடக்க, மக்கள் மீண்டும் கடைவீதிக்குப் புறப்பட்டனர். அந்தப் பயணத்தைப் பற்றிச் சில செய்திகளை எழுதி வைக்கவேண்டும் என்பது என் நெடுநாளைய எண்ணம். துணியும் வளையலும் வாங்கப்போன கதையில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. சிறுசேரிப் பகுதியில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருபவள் நான். பிள்ளைகளின் வாய்வழியாகவும் தாய்மாரின் வாய்வழியாகவும் வீடுகளின் உள்ளறைச் செய்திகள் பல என் காதுக்கு வந்து சேரும். எழுதுவதற்கு நிறையவே இருக்கிறது.

பூட்டிய இரு ரமலான்கள்

நாள்களை ஒருமுறை நினைவுபடுத்திக் கொள்வோம். மறதியும் இறைவன் தந்த அருட்கொடைதான். ஆயினும் இத்தனை விரைவாக மறந்துவிட்டோமே என்று வியப்பாக இருக்கிறது. 2020 மார்ச் 24-ஆம் நாள் மாலை தமிழகத்தில் 144 தடையுத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு. ஏப்ரல் 25-இல் முதல் நோன்பு பிடித்தபோது பள்ளிவாசல்களின் கதவுகள் மூடியிருந்தன. நோன்புக் கஞ்சிக்கென அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு வழங்கும் பச்சரிசி அவ்வாண்டு பள்ளியின் அடுப்புக்கு ஏறவில்லை; பொட்டலமாகக் கட்டப்பட்டு வீடு வீடாகப் போயிற்று. மே 5-இல் கோயம்பேடு சந்தையே மூடப்பட்டு, காய்கறி வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. மே 25-இல் பெருநாள். பெரிய ஜவுளிக்கடைகள் குளிர்சாதனம் இல்லாமல் திறந்துகொள்ளலாம் என்ற அனுமதி ஜூன் முதல் நாளில்தான் கிடைத்தது. அப்போது பெருநாள் கழிந்து ஒரு வாரம் ஆகிவிட்டிருந்தது. அதுவும் நீடிக்கவில்லை. ஜூன் 19-இல் சென்னையும் செங்கற்பட்டும் சுற்றுப்புற மாவட்டங்களும் மீண்டும் பூட்டிக்கொண்டன.

1442-இன் கதை இன்னும் கசப்பானது. 2021 ஏப்ரல் 14-இல் நோன்பு தொடங்கியபோது கடைகள் திறந்திருந்தன. 'முதல் பத்து கழியட்டும், சம்பளம் வரட்டும்' என்று காத்திருந்த குடும்பங்கள் ஏமாந்தன. ஏப்ரல் 26-இல் பெரிய கடைகளும் வணிக வளாகங்களும் மூடப்பட்டன. வழிபாட்டுத் தலங்களிலும் பொதுமக்களுக்கு அனுமதி நின்றது. மே 10 முதல் முழு ஊரடங்கு. மே 14, வெள்ளிக்கிழமை, பெருநாள். மறுநாள் முதல் ரேஷன் கடைகளில் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தைப் பெருநாளுக்குத் துணியெடுக்க எவரும் கேட்கவில்லை. அந்த நாள்களில் அது மருந்துக்கும் அரிசிக்குமே போதவில்லை.

வெளியூர் வாசகர்கள் சிறுசேரியைக் கணினி நிறுவனங்களின் ஊர் என்றே அறிந்திருப்பார்கள். சிப்காட் வளாகமும், பல்லாயிரம் பேர் பணிபுரியும் பெருங்கட்டடங்களும் இங்கே உண்மைதான். அந்தக் கட்டடங்களை அண்டிப் பிழைக்கும் இன்னொரு ஊரும் இங்கே இருக்கிறது. வேன் ஓட்டுவோர், உணவகத்தில் சமைப்போர், தேநீர்க்கடை வைத்திருப்போர், அலுவலகங்களைக் கூட்டித் துடைப்போர், இறைச்சிக்கடைக்காரர்கள், தையற்காரர்கள் என்று அந்த ஊரின் பட்டியல் நீளும். 2020 மார்ச்சில் கணினிக்காரர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றானபோது அவர்களுடைய வேலை நிற்கவில்லை. இவர்களுடைய வேலை நின்றது. வேன் ஓட்டிய ஒருவர் தள்ளுவண்டியில் வெங்காயம் விற்றார். எங்கள் பகுதியில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தைத்துக் கொடுக்கும் ஓர் அம்மா, இரண்டு ரமலானிலும் பெருநாள் உடுப்பு ஒன்றுகூடத் தைக்கவில்லை. மிச்சமிருந்த வெட்டுத்துணியில் முகக்கவசம் தைத்துத்தான் அடுப்பு எரிந்தது என்று சொல்வார்.

ஆகவே 2022-இல் நம் மக்கள் கடைவீதிக்குப் போனது இரண்டாண்டு ஆசையோடு மட்டுமன்று, இரண்டாண்டுக் கடனோடும்தான்.

மே தினம், பிறை இருபத்தொன்பது

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி நடுவண் அரசு விதித்திருந்த கட்டுப்பாடுகள் 2022 மார்ச் 31-உடன் முடிந்தன. ஏப்ரல் 3-இல் முதல் நோன்பு. அல்ஹம்துலில்லாஹ், என்ன பொருத்தம் என்று மகிழ்ந்தோம். ஆனால் ஏப்ரல் இருபதை ஒட்டிச் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் தொற்று பரவிய செய்தி வந்ததும், முகக்கவசம் அணியாதவர்களுக்கு 500 ரூபாய் அபராதம் என்ற உத்தரவு மீண்டும் உயிர்பெற்றது. 'மறுபடியும் மூடிவிடுவார்களோ' என்ற அச்சம் வீடுதோறும் புகுந்துகொண்டது. சென்ற ஆண்டு காத்திருந்து ஏமாந்தவர்கள் இவ்வாண்டு காத்திருக்க விரும்பவில்லை. ஆனாலும் கையில் காசு வேண்டுமே! மாதச் சம்பளம் ஏப்ரல் 30-இல்; அன்று பிறை இருபத்தெட்டு. மறுநாள் மே முதல் நாள், தொழிலாளர் தினம், ஞாயிற்றுக்கிழமையும்கூட. விடுமுறையும் சம்பளமும் பிறை இருபத்தொன்பதில் ஒன்றுகூடின. அன்றைக்குப் பிறை தெரிந்தால் மறுநாளே பெருநாள்! தெரியாவிட்டால் ஒருநாள் கூடுதல் அவகாசம். இந்த இரண்டுங்கெட்டான் நிலையில்தான் எங்கள் பகுதியிலிருந்து குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டார்கள்.

சிறுசேரியில் பெருநாள் துணி எடுக்கும் அளவுக்குக் கடைகள் இல்லை. அன்றாடத் தேவைக்குக் கேளம்பாக்கமும் நாவலூரும் போதும். பெருநாளுக்கு என்றால் வண்டலூர் சாலை வழியாகத் தாம்பரம். கொஞ்சம் வசதியிருந்தால் தியாகராய நகர். அத்தரும் தொப்பியும் சுர்மாவும் வேண்டுமானால் திருவல்லிக்கேணி, மண்ணடி. இந்த வரிசை எங்கள் அம்மாமார் காலத்திலிருந்தே மாறாதது.

இம்முறை ஒரு புதுமை இருந்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்ற சலுகை 2021 மே 8-இல் தொடங்கியது. தொடங்கிய இரண்டாம் நாளே முழு ஊரடங்கு வந்து பேருந்துகளே நின்றுபோயின. எங்கள் மாவட்டத்தில் ஜூன் 21-இல்தான் மீண்டும் ஓடின. ஆகவே, பெண்கள் காசின்றிப் பேருந்தேறிப் பெருநாள் கடைக்குப் போன முதல் ரமலான் 2022-தான். இது சிறிய செய்தியன்று. ஆண்கள் துணைக்கு வர நேரமில்லாத வீடுகளில், 'ஆட்டோவுக்கே நானூறு ஆகுமே' என்ற ஒரு சொல்லில் பெண்களின் பயணம் நின்றுபோவது வழக்கம். அந்தச் சொல் அவ்வாண்டு எழவில்லை. மாமியாரும் மருமகளும், நாத்தனாரும் மச்சியும், பக்கத்து வீட்டு அம்மாவும் சேர்ந்து ஏழெட்டுப் பேராகப் போனார்கள்.

தாம்பரத்தில் அன்று நான் கண்ட கூட்டத்தை என்னவென்று சொல்வது! மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் கால்வைக்க இடமில்லை. தாம்பரம் பழைய கடைத்தெரு. 1931-இல் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் வந்து நின்ற ஊர். தென்புறத்துக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் அதுவே வாசல். மாநகராட்சியாக உயர்ந்து ஓர் ஆண்டுகூட ஆகாத நேரம். நடைபாதையில் பாய் விரித்துப் பிள்ளைகளின் உடுப்பைக் குவித்து விற்போர், தலைக்குமேல் தொங்கும் வளையற் கொத்துகள், சேமியா மூட்டைகள், பேரீச்சம்பழப் பெட்டிகள். மே 3-இல் அட்சய திருதியையும் சேர்ந்து வந்ததால் நகைக்கடைகளில் இந்துச் சகோதரிகளின் கூட்டம். முகக்கவசம் பாதிப்பேருக்கு முகத்தில், மீதிப்பேருக்குத் தாடையில். நோன்பாளிகள் கத்தரி வெயிலுக்கு முந்திய அந்த வெக்கையில் நா வறண்டு நடந்தார்கள். ஆயினும் எவர் முகத்திலும் சலிப்பைக் காணவில்லை.

இரண்டு வயதுப் பிள்ளைகளைத்தான் பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஊரடங்கில் பிறந்து, நான்கு சுவரும் ஒரு முற்றமும் தவிர உலகமறியாமல் வளர்ந்த பிள்ளைகள். ஜவுளிக்கடை வாசலில் புடைவை கட்டி நிற்கும் பொம்மையைக் கண்டு ஒரு குழந்தை அலறிற்று. இன்னொன்று அதன் விரலைப் பிடித்துக்கொண்டு 'ஸலாம்' சொல்லிற்று. பெரிய பிள்ளைகளின் சங்கடம் வேறு. ஆறு வயதில் கடைசியாகக் கடைக்கு வந்தவனுக்கு இப்போது எட்டு வயது. தாய் பழைய நினைப்பில் ஓர் அளவைக் கேட்கிறாள். கடைக்காரர் பையனைப் பார்த்துவிட்டு இரண்டு அளவு கூட்டி எடுத்துப் போடுகிறார். அதையும் மீறி முழங்கை தெரிகிறது. தன் பிள்ளை இத்தனை வளர்ந்துவிட்டான் என்பதை அந்தத் தாய் வீட்டில் அறியவில்லை. கடைக்காரரின் அளவுநாடா சொல்லித்தான் அறிந்தாள்.

கைபேசியில் படம் பார்த்துத் துணி வாங்கிப் பழகிய இரண்டாண்டு அது. வந்த துணி படத்திலிருந்த நிறத்தில் இல்லாமலும், அளவு பொருந்தாமலும், திருப்பியனுப்பத் தெரியாமலும் அலமாரியில் கிடந்த கதை வீட்டுக்கு ஒன்று உண்டு. நம் பெண்கள் துணியைக் கண்ணால் பார்ப்பதோடு விடுவதில்லை. விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள், ஓரத்தைப் பிரித்து நூலைப் பார்ப்பார்கள், கன்னத்தில் வைத்தும் பார்ப்பார்கள். அன்று அத்தனை கைகளும் துணியின்மீது இருந்தன. தொடக்கூடாது, நெருங்கக்கூடாது என்று இரண்டாண்டு கட்டிவைத்த கைகள்!

விலை ஏன் ஏறியது?

மகிழ்ச்சியெல்லாம் விலையைக் கேட்கும்வரைதான். பிள்ளைகளின் பருத்திச் சட்டையிலிருந்து பெரியவர்களின் கைலிவரை எல்லாமே ஏறியிருந்தது. கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று பலர் முணுமுணுத்தனர். அது முற்றிலும் நியாயமன்று. 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு 2022 மே மாதவாக்கில் ஓர் இலட்சம் ரூபாயைத் தொட்டது. ஓராண்டுக்கு முன் அதில் ஏறக்குறைய பாதிதான் விலை. பஞ்சு ஏறினால் நூல் ஏறும். நூல் ஏறினால் குடியாத்தத்துக் கைலியும் குறிஞ்சிப்பாடிக் கைலியும் ஏறும். திருப்பூர்ப் பனியனும் ஏறும். ஏப்ரல் 14 முதல் பஞ்சு இறக்குமதி வரியை நடுவண் அரசு நீக்கியும் விலை அடங்கவில்லை. பெருநாள் முடிந்த இரண்டாம் வாரத்தில், மே 16, 17 ஆகிய இரு நாள்கள் திருப்பூர், கரூர், ஈரோடு பகுதிகளில் தொழிலை நிறுத்திப் போராடினார்கள். ஜவுளிக்கான சரக்கு சேவை வரியை 5 விழுக்காட்டிலிருந்து 12 ஆக உயர்த்தும் முடிவை 2021 டிசம்பர் 31-இல் தள்ளி வைத்தார்களே, அதுவும் சேர்ந்திருந்தால் நம் கதி என்ன என்று எண்ணிப் பார்க்கலாம்.

சமையலறைப் பக்கமும் நிம்மதியில்லை. உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்துக் குறைந்திருந்தது. பெருநாளுக்கு ஐந்து நாள் இருக்கையில், ஏப்ரல் 28-இல், இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. தம் மக்களுக்கு முதலில் எண்ணெய் கிடைக்கவேண்டும் என்பது அந்நாட்டு அரசின் வாதம். உலகிலேயே முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாட்டில் பெருநாள் பலகாரத்திற்கு எண்ணெய் தட்டுப்படக் கூடாதென்று எடுத்த முடிவு, சிறுசேரியில் சமோசா பொரிக்கும் அம்மாவின் சட்டியைத் தொட்டது. அதே இந்தோனேசியாவில் இரண்டாண்டுத் தடைக்குப் பிறகு அவ்வாண்டுதான் பெருநாளுக்குச் சொந்த ஊர் செல்ல அனுமதித்தார்கள். எட்டரைக் கோடிப் பேர் பயணம் செய்வர் என அரசு மதிப்பிட்டது. ஹஜ்ஜும் அவ்வாறே. 2020-லும் 2021-லும் நம் நாட்டிலிருந்து எவரும் போக இயலவில்லை; 2022-இல் 79,237 பேருக்கு இடம் கிடைத்தது. எங்கள் தாம்பரம் கூட்டத்தை இந்தப் பெருங்கூட்டங்களின் ஓரத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

விலையேற்றத்தை வீடுகள் சமாளித்த விதத்தை அருகிருந்து பார்த்தேன். பெரியவர்கள் தங்களுக்கு வேண்டாம் என்றார்கள். அத்தாவுக்கு ஒரு கைலி. அம்மாவுக்கு 'அலமாரியில் இருக்கும் கல்யாணப் புடைவையே புதிதுபோலத்தான் இருக்கிறது'. பிள்ளைகளுக்கு இரண்டு உடுப்பு என்றிருந்தது ஒன்றாயிற்று. ஃபித்ரா மட்டும் குறையவில்லை. மாறாக, இரண்டாண்டும் பிறரிடம் ஃபித்ரா வாங்கிய குடும்பங்கள் சில அவ்வாண்டு கொடுக்கும் கையாயின; அதற்கென ஒதுக்கிய பணத்தைக் கைப்பையின் உள்ளறையில் தனியே முடிந்து வைத்திருந்ததைக் கண்டேன்.

பயான்களில் கேட்பது

இந்த இடத்தில் ஒரு கருத்தைச் சொல்லியாக வேண்டும். ரமலானின் கடைசிப் பத்தில் பெண்கள் கடைவீதியில் அலைகிறார்களே, லைலத்துல் கத்ரைத் தேடவேண்டிய இரவில் லேஸ் வைத்த துப்பட்டாவைத் தேடுகிறார்களே என்று ஆண்டுதோறும் பயான்களில் கேட்கிறோம். கண்டிப்பதில் உண்மை இல்லாமலில்லை. இறைவனுக்கு மிக உவப்பான இடம் பள்ளிவாசல் என்றும், வெறுப்பானது கடைவீதி என்றும் வந்துள்ள நபிமொழியை நானே பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறேன். பொய்ச் சத்தியமும் மோசடியும் வீண்பேச்சும் மலிந்த இடம் என்பதால் அந்தக் கண்டிப்பு என்று விளக்கவுரை எழுதிய மேதைகள் கூறியுள்ளனர்.

ஆனால், ஹிஜ்ரத் செய்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், தம் அன்ஸாரிச் சகோதரர் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது அதை ஏற்காமல், கடைவீதிக்கு வழி எது என்றே கேட்டார்கள். உமர் (ரலி) அவர்கள் கடைவீதியில் ஓர் அங்கியைக் கண்டு, பெருநாளுக்கு அணிந்துகொள்ள உதவுமே என்று நபி (ஸல்) அவர்களிடம் எடுத்துவந்தார்கள். பட்டு என்பதால் அது மறுக்கப்பட்டது. பெருநாளுக்கு அழகாக உடுத்துவது அங்கே மறுக்கப்படவில்லை. புத்தாடைதான் வேண்டும் என்ற கட்டாயம் மார்க்கத்தில் இல்லை. இருப்பதில் நல்லதை உடுத்தினால் போதும். இரண்டு பெருநாளை நாம் அப்படித்தான் கழித்தோம், குறையொன்றும் வந்துவிடவில்லை.

பிறகு ஏன் அந்தக் கூட்டம்? பயான் செய்யும் பெருமக்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் பகுதிப் பெண்களில் பெரும்பாலோருக்கு ஆண்டில் ஒருநாள்தான் தம் கையால் பொறுக்கி, தம் வாயால் பேரம் பேசி, தமக்குப் பிடித்ததை வாங்கும் நாள். மற்ற நாள்களில் வீட்டுக்குத் தேவையானது வரும். தேர்வு அவர்களுடையதாக இராது. அந்த ஒருநாளைக் கடைசிப் பத்தில் கொண்டுபோய் வைப்பது அவர்களல்லர். சம்பளமும் போனஸும் வரும் நாள் வைக்கிறது. வீட்டு ஆண்களின் ஓய்வுநாள் வைக்கிறது. ஷஃபானிலேயே பணத்தைக் கையில் கொடுத்து 'போய் வா' என்று சொல்லும் ஆண்மகனிடம் அந்தப் பயானைச் சொன்னால் பயன் கூடும்.

கடைக்காரர்கள் பக்கமும் ஒரு சொல். நடைபாதையில் பாய் விரித்திருந்த ஒரு பெரியவர், இரண்டு ரமலானுக்கும் வட்டிக்கு வாங்கிச் சரக்குப் பிடித்து, இரண்டு முறையும் மூட்டை பிரியாமல் வீட்டுக்குத் திரும்பியவர். 'மூணாவது தடவையாச்சும் அல்லா கண்ண தொறந்தாரும்மா' என்றார். அவர் முஸ்லிமல்லர். எங்களோடு பேசியதால் அல்லாஹ் என்றாரோ, அவர் பழக்கமே அதுதானோ! அவரிடம் பேரம் பேச எங்களுக்கு மனம் வரவில்லை.

அன்று மாலை ஆறரைக்குச் சற்று முன்னால் நோன்பு திறக்கும் நேரம் வந்தது. நாங்கள் நின்றிருந்த ஜவுளிக்கடையின் முதலாளி, விற்பனைப் பெண்களைக் கொண்டு மூலையில் விரிப்பை விரிக்கச் செய்து, தண்ணீரும் வாழைப்பழமும் வைத்து, 'அம்மாமார் முதல்ல நோம்பு தொறங்க, துணி எங்கயும் ஓடிப்போவாது' என்றார். கல்லாப்பெட்டியின் பின்னால் அவர் வணங்கும் தெய்வப் படம். பேரீச்சம்பழத்தை நாங்கள் நீட்ட, அவரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

பச்சைப் புடைவை

எல்லோரும் பெற்றுக்கொள்ளவே போனார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். எங்களோடு வந்தவர்களில் ஓர் இளம் தாய் இருந்தார். 2021-ஆம் ஆண்டின் இரண்டாம் அலையில் கணவரை இழந்தவர். ஜனாஸாவின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியாத காலம் அது. பிள்ளைகள் இருவர். தொற்றால் இறந்தோரின் குடும்பங்களுக்கென அரசு வழங்கிய 50,000 ரூபாய் கடனுக்குப் போயிருந்தது. நாத்தனார்தான் வற்புறுத்திக் கடைக்கு அழைத்து வந்தார்.

பிள்ளைகளுக்கு எடுத்து முடித்ததும் அவர் ஒதுங்கி நின்றுகொண்டார். உடுத்தியிருந்தது வெள்ளை. இத்தா முடிந்து ஏழெட்டு மாதங்கள் ஆகியும் வெள்ளைதான். நம் ஊர்களில் பல வீடுகளில் விதவைக்கு வெள்ளை என்பது எழுதாத சட்டம். அதை மார்க்கம் என்றே பலர் நம்பியும் இருக்கிறார்கள். திருமறை வகுத்த காலம் நான்கு மாதம் பத்து நாள். அந்த நாள்களில்தான் அலங்காரத்தை விலக்கியிருக்க வேண்டும். அபூஸுஃப்யான் (ரலி) இறந்த பிறகு, அன்னாரின் மகளான அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்கள் மூன்றாவது நாளில் நிறமுள்ள நறுமணத்தை வரவழைத்துப் பூசிக்கொண்டார்கள். தமக்கு அதில் ஆசையில்லை என்றும், கணவர் அல்லாத எவருக்காகவும் மூன்று நாளுக்கு மேல் துக்கம் காக்கக் கூடாது என்ற நபிமொழிக்காகவே பூசுவதாகவும் சொன்னார்கள். துக்கத்திற்கு மார்க்கம் ஒரு தொடக்கத்தையும் ஒரு முடிவையும் வைத்திருக்கிறது. முடிவே இல்லாத வெள்ளை எங்கிருந்தோ நம்மிடம் வந்து ஒட்டிக்கொண்டது.

நாத்தனார் பேசாமல் ஒரு பச்சைப் புடைவையை எடுத்து அவர் தோள்மீது வைத்தார். 'மச்சி, இது உங்களுக்கு.' அவர் அதைத் தொடவில்லை. 'மாமி என்ன சொல்லுவாங்க' என்றார் மெல்ல. மாமியார் இரண்டடி தள்ளி, பேரனுக்குச் செருப்புப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மகனைப் பறிகொடுத்த தாய். நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார், பச்சையைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் ஆலிமா என்று வாயைத் திறந்து மஸ்அலா சொல்லவும் அது நேரமன்று. அந்த அம்மா எழுந்து வந்து, முந்தானை ஓரத்தை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

'சாயம் போகுமா?' என்று கடைப் பெண்ணிடம் கேட்டார்.

போகாதும்மா என்று அந்தப் பெண் சொன்னாள். 'அப்ப கட்டு' என்றார். பில் போடும் இடத்தில் பணத்தை எடுத்தவரும் அவரே.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் நிற்கவே இடமில்லை. பைகள் மடிமேல், பிள்ளைகள் பைமேல். பிறை தெரியவில்லை என்ற செய்தி வண்டலூரைத் தாண்டும்போது எவருடைய கைபேசிக்கோ வந்தது. பெருநாள் செவ்வாய்க்கிழமைதான் என்றானதும் ஓட்டுநருக்கே கேட்கும்படி ஒரு கலகலப்பு. ஒருநாள் கூடுதலாகக் கிடைத்ததில் மருதாணி அரைக்கலாம், கடற்பாசி காய்ச்சலாம், மிச்சமிருக்கும் ஜாக்கெட்டைத் தைத்து முடிக்கலாம்.

அதற்குப் பிறகு கடைவீதிகள் பலவாறு மாறிவிட்டன. 2023 மே மாதத்தில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நீள ஆகாய நடைமேடை திறந்தார்கள். ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள் இறங்காமலே உஸ்மான் சாலைப் பக்கம் போய்விடலாம். அந்தச் சாலைக்குப் பெயர் தந்த முகம்மது உஸ்மான் சாகிபு 1934-இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்தவர் என்பதைப் பெருநாள் துணியெடுக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு யாராவது சொன்னால் நல்லது.

பெருநாளும் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறது. 2025-இல் அது மார்ச் 31-இல் வந்தது. பள்ளிக்கூடத் தேர்வு நேரம். பிள்ளைகளை விட்டுவிட்டுத் தாய்மார் மட்டும் கடைக்குப் போக, அளவு தெரியாமல் பழைய சட்டையைக் கையோடு எடுத்துப் போனவர்களும் உண்டு. முகக்கவசம் தைத்துப் பிழைத்த எங்கள் தையற்கார அம்மாவுக்கோ இப்போது ஷஃபானிலேயே கை ஓயாத வேலை. பிறை பதினைந்துக்குமேல் புதுத் துணி வாங்குவதில்லை என்று அட்டையில் எழுதி வாசலில் மாட்டிவிட்டார். அதைப் படித்துவிட்டும் கதவைத் தட்டுகிறவர்கள் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்; அவரும் முணுமுணுத்துக்கொண்டே அளவுநாடாவை எடுக்கிறார்.